வள்ளிக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்

கந்தபுராணத்தின் கடைசிப் படலம் ஒரு கலியாணம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் சூரன் கதையையும் தக்கன் கதையையும் சொல்லிவந்த கச்சியப்ப சிவாச்சாரியார், ஒரு தினைப்புனத்துக்கு வந்து, வள்ளியை முருகனுக்குக் கட்டிக்கொடுத்து நூலை நிறைவுசெய்கிறார். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். கொக்குவிலில் மஞ்சவனப்பதி முருகன் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, பள்ளிக்கூடம் போகமுதலே இந்தக் கலியாணம் எப்படி முடியும் என்பது தெரிந்துவிடும். அதே கதை திருவிழாக் காலத்தில் மேடையேறினால் ஊர் விடிய விடிய இருந்து பார்க்கும். தெரிந்த முடிவுக்காக ஏன் இவ்வளவு பேர் நித்திரை முழிக்கிறார்கள்? வேடனாக வந்த முருகன் கிழவனாக மாறித் தள்ளாடி வரும்போது, நூறு தடவை பார்த்தவரும் ஏன் புதிதாகப் பார்ப்பவர்போலச் சிரிக்கிறார்?

இந்தக் கேள்விக்கான விடை மேடையில் இல்லை, பார்ப்பவர் தலைக்குள் இருக்கிறது. மனித மூளை செய்யும் வேலைகளில் மிக அபூர்வமான ஒன்றை அந்தக் கிழவன் தட்டி எழுப்புகிறான்.

1983ஆம் ஆண்டு ஹைன்ஸ் விம்மர், யோசெப் பேர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒஸ்திரியாவில் சிறுபிள்ளைகளுக்கு ஒரு கதை நடித்துக் காட்டினார்கள். மக்சி என்ற பையன் சொக்லேட்டை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரம் தாய் அதை வேறோர் அலுமாரிக்கு மாற்றிவிடுகிறாள். பையன் திரும்பி வந்ததும் எங்கே தேடுவான்? வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைகள் சொக்லேட் இப்போது இருக்கும் அலுமாரியையே காட்டினார்கள். தமக்குத் தெரிந்தது மக்சிக்கும் தெரியும் என்பதே அவர்கள் கணக்கு. நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகளில் கணிசமானோர் மக்சி பழைய இடத்துக்குத்தான் போவான் என்றார்கள். 'எனக்கு உண்மை தெரியும், அவனுக்குத் தெரியாது, அவன் தன் தவறான எண்ணத்தின்படியே நடப்பான்' என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க அவர்களால் முடிந்தது. அதற்குப் பின் எத்தனையோ நாடுகளில் இந்தச் சோதனை செய்யப்பட்டிருக்கிறது. வயது சற்று முன்பின் ஆகலாம், ஆனால் பிள்ளை வளர வளர இந்த ஆற்றல் வருகிறது என்பது எங்கும் காணப்படுகிறது.

வள்ளி திருமண மேடைக்கு முன்னால் இதை வைத்துப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை தாயின் மடியில் இருந்துகொண்டு பார்ப்பது வேறொரு நாடகம். அங்கே முருகன் வருகிறார், பிறகு மரம், பிறகு கிழவன். அவ்வளவுதான். ஐந்து வயது அண்ணனுக்கோ அதே மேடை இரண்டாகப் பிரிந்து தெரிகிறது. தான் காணும் தினைப்புனம் ஒன்று, வள்ளி காணும் தினைப்புனம் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் சிரிப்புப் பிறக்கிறது. வள்ளியின் தகப்பன் நம்பிராசன் அந்தக் கிழவனை நம்பித் தன் மகளுக்குத் துணையாகவே விட்டுவிட்டுப் போகும் இடம் கந்தபுராணத்தில் இருக்கிறது. அறியாமலே தகப்பன் பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்துவிட்டான் என்று கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அது பெரிய நாள்.

இன்னும் ஒரு படி உண்டு. 'வள்ளிக்குத் தெரியாது என்று முருகன் நினைக்கிறார்' என்பது எண்ணத்தைப் பற்றிய எண்ணம். இதைப் பிடிக்கப் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆறு, ஏழு வயதாகவேண்டும் என்று விம்மரும் பேர்னரும் 1985இல் காட்டினார்கள். மானிடவியலாளர் ரொபின் டன்பாரும் கூட்டாளிகளும் வளர்ந்தவர்களைச் சோதித்தபோது, 'அவன் நினைப்பதாக இவள் நினைப்பதாக அவர் நினைக்கிறார்' என்று ஏறத்தாழ ஐந்து அடுக்குவரை பெரும்பாலோர் தாங்குவார்கள், அதற்கு மேல் தடுமாறுவார்கள் என்று கண்டார்கள். பிறருடைய நம்பிக்கையைப் பற்றி யோசிக்கும்போது வலது காதுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக உள்ள மூளைப் பகுதி குறிப்பாகச் செயற்படுவதை ரெபெக்கா சாக்ஸ், நான்சி கான்விஷர் என்பவர்கள் 2003இல் படம்பிடித்துக் காட்டினார்கள்.

என்னை மிகவும் வியக்கவைத்தது 2016இல் வெளியான ஒரு பரிசோதனை. ஜேர்மனியின் லைப்சிக்கிலும் ஜப்பானின் குமமோட்டோவிலும் இருந்த சிம்பன்சி, பொனபோ, ஒராங்குட்டான்களுக்கு ஆய்வாளர்கள் ஒரு சிறு நாடகத்தைப் படமாக்கிக் காட்டினார்கள். குரங்கு வேடம் போட்ட ஒருவர் ஒரு மனிதனை அடித்துவிட்டு வைக்கோற் குவியலுக்குள் ஒளிக்கிறார். மனிதன் தடி எடுக்கப் போன நேரத்தில் வேடக்காரர் ஒளிப்பிடத்தை விட்டே ஓடிவிடுகிறார். மனிதன் தடியோடு திரும்பி வருகிறான். அப்போது அந்த வாலில்லாக் குரங்குகளின் கண்கள் எங்கே போகின்றன என்று அளந்தார்கள். வேடக்காரர் இருப்பதாக மனிதன் தவறாக நம்பும் அதே குவியலை அவை அதிகமாக முன்கூட்டிப் பார்த்தன. இதற்கு என்ன பொருள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னமும் விவாதம் உண்டு. ஆனால் ஆள்மாறாட்ட நாடகத்தைப் பின்தொடரும் ஆற்றலின் வேர் மனிதருக்கும் முந்தியதாக இருக்கலாம் என்பதே பெரிய செய்தி. சிரிப்பை மட்டும் அந்தப் பரிசோதனையில் யாரும் தேடவில்லை.

இப்போது, வள்ளி திருமணம் தமிழில் மேடை நாடகமான அதே காலத்து இலண்டனுக்குப் போவோம். 'அதே காலம்' என்பதைச் சும்மா சொல்லவில்லை. தமிழ் மேடைக்கு வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் எழுதிக்கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்தது 1867இல். தூத்துக்குடியில் அவரும் கொக்குவிலில் எங்கள் பூட்டன்மாரும் விக்டோரியா மகாராணியின் குடிகளாகவே இருந்தார்கள். மகாராணியின் தலைநகரத்திலும் அப்போது கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்தது கலியாணத்தையும் ஆள்மாறாட்டத்தையும் கலந்து செய்த நாடகங்களைத்தான்.

1847இல் மேடையேறிய ஜோன் மடிசன் மோர்ட்டனின் 'பொக்சும் கொக்சும்' என்ற சிறு நாடகத்தில், வீட்டுக்காரி ஒரே அறையை இரண்டு பேருக்கு வாடகைக்கு விடுகிறாள். ஒருவன் இரவில் வேலைசெய்யும் அச்சுக்கூடத்தான், மற்றவன் பகலில் வேலைசெய்யும் தொப்பிக்காரன். அறை ஒன்றானது போதாதென்று இருவரும் ஒரே விதவைக்கு நிச்சயிக்கப்பட்டவர்கள் என்பதும் வெளிவருகிறது. வில்லியம் கில்பேர்ட் 1877இல் எழுதிய 'நிச்சயதார்த்தம்' இன்னும் கூர்மையானது. அதில் செவியட் ஹில் என்ற பணக்கார இளைஞன் கண்ட பெண்ணிடமெல்லாம் கலியாணம் கேட்கிறான். அவன் கட்டாமல் இருக்கும்வரை அவனுடைய நண்பனுக்கு வருடம் ஆயிரம் பவுண் வருமானம். அவன் கட்டினால் அந்தப் பணம் மாமனுக்குப் போய்விடும். ஆகவே ஒருவன் கலியாணத்தைத் தடுக்கிறான், ஒருவன் முடுக்குகிறான், இரண்டு பேரும் பேசுவது அன்பைப் பற்றி. சாட்சிகள் முன்னிலையில் 'நாங்கள் புருஷன் பெண்சாதி' என்று சொன்னாலே ஸ்கொட்லாந்துச் சட்டம் அந்நாளில் அதைக் கலியாணமாக ஏற்றுக்கொள்ளும். எல்லைக்கருகே ஒரு வீட்டு முற்றத்தில் அப்படிச் சொல்லிவிட்ட ஒரு பெண், தன் புருஷனின் பெயரையே அறியாமல் நாடகம் முழுவதும் அலைகிறாள். அந்த முற்றம் ஸ்கொட்லாந்தா இங்கிலாந்தா என்பதில் அவளுடைய வாழ்வு தொங்குகிறது.

அந்த வழியில் வந்து எல்லாவற்றையும் மிஞ்சியது 1895 பெப்ரவரி 14இல் சென் ஜேம்ஸ் அரங்கில் முதன்முதலாக ஆடப்பட்ட ஒஸ்கார் வைல்டின் நாடகம். நாட்டுப்புறத்தில் ஜாக் என்றும் நகரத்தில் எர்னெஸ்ட் என்றும் இரண்டு பெயரில் உலாவும் ஒருவன். எர்னெஸ்ட் என்ற பெயருள்ளவனைத்தான் கட்டுவேன் என்று சிறுவயதிலிருந்தே முடிவுசெய்திருக்கும் பெண். அவளுடைய தாய் பிராக்னெல் சீமாட்டி, மாப்பிள்ளையாக வர விரும்புபவனிடம் பென்சிலும் குறிப்புப் புத்தகமும் எடுத்துக் கேள்வி கேட்கிறாள். வருமானம் என்ன, காணியிலா முதலீட்டிலா, வீடு எந்தத் தெருவில், தாய் தகப்பன் யார். மற்றவற்றையெல்லாம் சமாளித்து வந்தவன் கடைசிக் கேள்வியில் விழுந்துவிடுகிறான். அவன் விக்டோரியாப் புகையிரத நிலையத்தில் ஒரு கைப்பைக்குள் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. அதே சீமாட்டி, வேறொரு பெண்ணைத் தன் சகோதரியின் மகனுக்கு வேண்டாமென்று எழும்பிப் போகப் பார்க்கிறாள். அந்தப் பெண்ணின் பெயரில் 130,000 பவுண் இருக்கிறது என்று கேட்டதும் திரும்பி வந்து, அவளுடைய முகத்தோற்றத்தில் நல்ல இலட்சணங்களைக் காண்கிறாள்.

இந்தக் காட்சியை யாழ்ப்பாணத்தார் எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பேச்சுக்கால் நடக்கும் வீட்டு விறாந்தையில் கேட்கும் கேள்விகளும் இவைதான். ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாகவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து எழுதிய தேசவழமைப்படி, மகள் கொண்டுபோகும் சீதனம் அவளுடைய சொத்து. காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும், அது ஒரு கட்டுத்தான். ஆனாலும் உடைமை அவளுக்கே. இங்கிலாந்திலோ 1870ஆம், 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை, கலியாணம் முடிந்த அன்றே பெண்ணின் ஆதனத்தின் பெரும்பகுதி புருஷனின் கைக்குப் போய்விடும். கில்பேர்ட்டின் நாடகம் ஆடப்பட்ட 1877இல் அந்த மாற்றம் பாதி வழியில் நின்றது. அங்கே ஆள் மாறினால் ஒரு குடும்பத்தின் செல்வமே கை மாறும். அந்த மேடைகளில் பெயரையும் ஆளையும் பற்றிய பயம் அத்தனை பெரிதாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

கலியாணமும் ஆள்மாறாட்டமும் உலகமெங்கும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டே வருகின்றன என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. பேசிச் செய்யும் கலியாணத்தில் ஆள் வரமுதல் ஆளைப் பற்றிய விபரம் வருகிறது. பெயர், ஊர், பகுதி, சாதகம், உத்தியோகம், இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு படம். விபரத்தைப் பார்த்தே மனம் ஒரு மனிதரைக் கட்டிவிடுகிறது. பிறகு வருபவர் அந்த மனிதரா என்ற கேள்வி எல்லாக் கலியாண வீட்டிலும் ஒளிந்திருக்கிறது. நாடகக்காரர் அந்தக் கேள்வியை வெளியே இழுத்து விளக்கு வெளிச்சத்தில் விடுகிறார். எங்கள் பகுதியில் கோயிலில் பெண் பார்க்கும் வழக்கத்தையே எடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வந்ததுபோல் வீதி சுற்றுவார்கள். பெண்ணும் தற்செயலாக வந்ததுபோல் நிற்பாள். அவளுக்குத் தெரியும், தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும், ஒருவருக்கும் தெரியாததுபோல் எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள். டன்பார் எண்ணிய அடுக்குகளில் எத்தனை அந்த வீதியில் ஒரே நேரத்தில் இயங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னுமொன்று. எர்னெஸ்ட் என்ற பெயரில் மயங்கிய வைல்டின் நாயகியையும் எங்கள் வள்ளியையும் பக்கத்தில் நிறுத்தினால் ஓர் அதிசயம் தெரிகிறது. இரண்டு பேரும் ஆளைக் காணுமுன் பெயரை நேசித்தவர்கள். வள்ளி முருகனையே வரித்தவள். ஆகவே எதிரே வந்து நிற்கும் முருகனை வேண்டாம் என்கிறாள். வேடனையும் மறுத்தாள், கிழவனையும் ஏசினாள். மறுக்க மறுக்க அவளுடைய அன்பு உறுதிப்படுகிறது. இலண்டன் பெண்ணின் பிடிவாதத்தில் ஒரு சமூகத்தின் வெறுமை தெரிகிறது. வள்ளியின் பிடிவாதத்தில் பக்தி தெரிகிறது. பொறி ஒன்று, பயன் வேறு. வைல்டின் முடிவில் ஜாக்கின் உண்மைப் பெயரே எர்னெஸ்ட் என்று இராணுவப் பட்டியலொன்றில் கண்டுபிடிக்கப்பட, பொய் உண்மையாகிவிடுகிறது. தினைப்புனத்தில் பொய் வேடம் கழன்று விழ, உண்மை நிற்கிறது. எனக்குப் பின்னதே பெரிதாகப் படுகிறது.

சிரிப்பு எங்கே பிறக்கிறது என்பதற்கு இன்னொரு சான்றையும் மேடையே தருகிறது. 1892இல் தொடங்கிய பிராண்டன் தோமசின் 'சார்லியின் மாமி' நாடகத்தில் ஓர் ஆண் பிரேசிலிலிருந்து வந்த பணக்கார மாமியாக வேடம் போடுகிறான். இலண்டனில் 1,466 தடவை தொடர்ந்து ஆடப்பட்டது அது. எங்கள் இசை நாடக மேடையிலும் வள்ளியாக ஆண்கள் ஆடினார்கள், அதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. வள்ளி அழுதால் அழுதார்கள். இரண்டிலும் ஆண்தான் சேலையோ கவுணோ கட்டுகிறான். ஆனால் இலண்டன் நாடகத்தில் கதைக்குள் உள்ளவர்கள் ஏமாறுகிறார்கள், யாழ்ப்பாணத்தில் அந்தச் சேலையால் கதைக்குள் ஏமாறுபவர் யாருமில்லை. மக்சியின் அலுமாரிபோல, உள்ளே ஒருவருக்குத் தெரியாமல் இருக்கவேண்டும். வெளியே எங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். முடிவு தெரிந்த கதையை ஊர் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறது என்பதும் இதனால்தான். முடிவை முன்கூட்டியே அறிந்த வாசகர் கதையைச் சில வேளைகளில் கூடுதலாகவே இரசிக்கிறார்கள் என்று கலிபோர்னியாவில் லெவிட், கிறிஸ்டன்பெல்ட் என்பவர்கள் 2011இல் கண்டார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதனோடு உடன்படவில்லை. விடிய விடிய இருந்த ஊர்ச்சனங்களின் சாட்சி முதலாவது பக்கத்துக்கே.

இந்தக் கலையின் உச்சி எது என்று கேட்டால் நான் ஹர்ஷ மன்னர் ஏழாம் நூற்றாண்டில் வடமொழியில் எழுதிய 'இரத்தினாவளி'யைத்தான் காட்டுவேன். அதன் நாயகி சிங்கள நாட்டு, அதாவது எங்கள் தீவின், இளவரசி. கப்பல் உடைந்து, சாகரிகை என்ற பெயரில், உதயணனின் அரசி வாசவதத்தையிடம் தோழியாக இருக்கிறாள். அரசன் அவள்மேல் ஆசைகொள்கிறான். அவளுக்கு அரசியின் உடையை உடுத்தி, இருட்டில் அரசனிடம் கூட்டிவருவது என்று தோழியும் விதூஷகனும் ஏற்பாடு செய்கிறார்கள். திட்டம் அரசியின் காதுக்கு எட்டிவிடுகிறது. அரசியே அந்த இடத்துக்கு வருகிறாள். அரசனோ, அரசியாக வேடமிட்டு வந்த சாகரிகை என்று நினைத்து, தன் மனைவியிடமே அவளல்லாத ஒருத்திக்கான காதலைப் பொழிகிறான். அரசி அரசியாகவே நிற்க, அவளை 'அரசி வேடம் போட்டவள்' என்று அரசன் நினைக்க, அவன் அப்படி நினைப்பது அரசிக்குத் தெரிய, அது அவளுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரிய... மூளையின் கொள்ளளவு முழுவதையும் ஒரு காட்சி நிரப்பிவிடுகிறது. சற்று நேரத்தில் மனமுடைந்த சாகரிகை அதே உடையில் உயிரைவிட முயல, அரசன் அரசி என்று எண்ணி ஓடிப்போய்க் காப்பாற்றுகிறான். சிரிப்பும் கண்ணீரும் ஒரே சேலைக்குள். கடைசியில் அவள் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது அவளுடைய மணிமாலை. வைல்டின் கைப்பைக்குப் பன்னிரண்டு நூற்றாண்டு முந்திய மாலை.

இதைத் தமிழில் 'மாணிக்கமாலை' என்ற பெயரில் தந்தவர் வடமராட்சியில் புலோலியில் 1903இல் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானவர். அரங்கில் அரசரும் முனிவரும் செந்தமிழில் பாடிக்கொண்டிருந்த காலத்தில், அவர் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை அப்படியே மேடையில் ஏற்றினார். 'உடையார் மிடுக்கு', 'கண்ணன் கூத்து', 'முருகன் திருகுதாளம்', 'நாட்டவன் நகர வாழ்க்கை' என்ற நான்கும் 1940இல் 'நானாடகம்' என்ற நூலாயின. 'பொருளோ பொருள்', 'தவறான எண்ணம்' என்ற இரண்டும் 1952இல் 'இருநாடகம்' ஆயின. ஊர்ப் பெரியமனிதரின் அந்தஸ்தும் பணத்தின் ஆசையும் பல்கலைக்கழக மாணவர்களின் வாயில் ஊர்த்தமிழிலேயே பேசின. அவருக்கு முன்பே கலையரசு க. சொர்ணலிங்கம் இலங்கை சுபோத விலாச சபையை அமைத்து, பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களை ஈழத்து மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். சேக்ஸ்பியரின் கதைகளும் மொலியேரின் கதைகளும் அந்த முதலியார் கையால் தமிழ்ப் பெயர் பூண்டவை.

கணபதிப்பிள்ளையின் நாடகங்கள் இன்று பெரும்பாலும் பரீட்சைக்கான பெயர்ப் பட்டியலில் மட்டுமே வாழ்கின்றன. இது சரியல்ல. அவை வாசிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. யாழ்ப்பாணத்து நாக்கு பேச, யாழ்ப்பாணத்துக் காது கேட்க எழுதப்பட்டவை. கொக்குவிலிலும் அயலூர்களிலும் நாடகம் பழக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தமிழ்மொழித்தினப் போட்டிக்குப் புதிதாக ஒன்று தேடுமுன் 'நானாடக'த்தை ஒருமுறை பிள்ளைகளின் கையில் கொடுங்கள். ஆடும் நாளில் முன்வரிசையில் சின்னப் பிள்ளைகளை இருத்துங்கள்; மேடையில் ஏமாறுபவரைப் பார்த்து எந்த வயதுப் பிள்ளை முதலில் சிரிக்கிறது என்று கவனியுங்கள்.